நீர்வேலியில் ஒரு பச்சைக் குண்டூசி

1

இரவு நான் படுத்தபிறகு வந்திருந்த குரல்செய்தியைக் காலையில்தான் கேட்டேன். மகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பாண் துண்டுகளை அடுக்கியபடி தொலைபேசியை மேசையில் வைத்து அழுத்தினேன். முதலில் தண்ணீர் இறைக்கும் மிசினின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஊரிலிருந்து தம்பிராசா அண்ணை கதைத்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கோணும். நான் எப்ப வேதத்திலை சேர்ந்தனான்?"

கோபம் ஒன்றுமில்லை. உரம் எப்போது வரும் என்று சங்கக் கடையில் விசாரிக்கிற குரல். ஊரில் எங்களை வேதக்காரர் என்பார்கள். வேதத்தில் சேருவது என்றால் கிறிஸ்தவராக மாறுவது. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய, நெற்றியில் மூன்று குறி இல்லாமல் படலையைத் தாண்டாத ஒரு மனிதர், தான் எப்போது மதம் மாறினேன் என்று மெல்பேர்ணில் இருக்கும் என்னிடம் விசாரிக்கிறார்.

மிச்சச் செய்தியில் விவரம் இருந்தது. ஊரில் எல்லாருடைய தொலைபேசியிலும் ஒரு வீடியோ ஓடுகிறதாம். அதில் அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டபடி அழுகிறாராம். கீழே இங்கிலீசில் என்னவோ எழுதியிருக்கிறதாம். கோயில் பரிபாலன சபை அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. அம்மன் கோயிலின் அஞ்சாம் திருவிழா அவருடைய குடும்பத்தின் உபயம். தகப்பன் செய்தது, தகப்பனுக்குத் தகப்பன் செய்தது. சண்டைக்காலத்தில் ஊரே கிளம்பி ஓடி, கோயில் பூட்டியிருந்த வருடங்கள் தவிர ஒருமுறையும் விட்டதில்லை. விஷயம் தெளியும்வரை இந்த வருடம் அது அவருக்கு இல்லையென்று சொல்லிவிட்டார்களாம்.

வெளிநாட்டில் குடியேறியவர்கள் ஊருக்கு எழுதும் குறிப்புகளில் வழக்கமாகக் குளிர் இருக்கும், தனிமை இருக்கும், கிடைக்காத கறிவேப்பிலை இருக்கும். இங்கே கறிவேப்பிலை என் வீட்டுப் பின்புறத்திலேயே காடாய் நிற்கிறது. எனக்கு வந்திருப்பது அருவருப்பு. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் உடுவிலில் விடுதியில் நின்று படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பட்டம் எடுத்து, அச்சுவேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவள். இங்கே வந்தபோது என்னுடைய பட்டம் பட்டம்தானா என்று தீர்மானிக்க ஒரு அலுவலகம் இருந்தது. நான் கதைக்கும் ஆங்கிலம் ஆங்கிலம்தானா என்று தீர்மானிக்க இன்னொரு அலுவலகம். ஒன்று கேட்டதைக் கொடுத்தால் மற்றது காலாவதியாகிவிடும். பல்கலைக்கழக முத்திரை மங்கலாக இருக்கிறதென்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். எங்களுடைய முத்திரைகள் மங்கலாகத்தான் விழும், அது கள்ள முத்திரை இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.

கடைசியில் ஒரு சிறிய கிறிஸ்தவத் தனியார் பள்ளிக்கூடம் என்னை ஆசிரிய உதவியாளராக எடுத்தது. பாடத்தை நான் நடத்துவேன், கையெழுத்தை வேறொருவர் வைப்பார். மகள் அபிகேலுக்கு அங்கேயே குறைந்த கட்டணத்தில் இடம். என் கணவர் செல்வன் ஒரு பண்டகசாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். எங்களுக்கு அது பெரிய உதவி என்பதை மறைக்கத் தேவையில்லை.

பிரின்சிப்பலின் பெயர் மார்க். எல்லாரும் அவரை மார்க் என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு வளையாது, சேர் என்றுதான் வரும். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்துக்கொண்டு திருத்துவார். என்னுடைய ஜெயமலரை அவர் ஜே ஆக்கிவிட்டார். அதை நான் திருத்தப் போனதில்லை.

புவியியலைக் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் படிப்பிக்க வேண்டும் என்று சொன்னபோது உண்மையில் மகிழ்ந்தேன். நான் விசுவாசி. உலகம் முழுவதும் ஆண்டவருடையது என்று நம்புகிறவள். ஆறும் மலையும் மழையும் அவருடைய கைவேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம்? அச்சுவேலியில் அரசாங்கப் பாடத்திட்டத்துக்குள் நின்று சொல்ல முடியாததை இங்கே வாய்விட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பாடப்புத்தகத்தைத் திறந்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு பக்கம். தலைநகரம், ஆறுகள், விளைபொருள், பொய்ச் சமயம், செய்ய வேண்டிய செபம். இந்த வரிசையில்தான். பிரேசிலில் கோப்பி விளைவதைப் போல எங்களுடைய நாடுகளில் இருள் விளைகிறது.

வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய உலகப்படம். மழைவீழ்ச்சி, சனத்தொகை, தரைத்தோற்றம் ஒன்றும் அதில் கிடையாது. மூன்று நிறங்கள் மாத்திரம். பச்சை என்றால் ஒளி எட்டிய இடம். மஞ்சள் என்றால் எட்டிக்கொண்டிருக்கும் இடம். சிவப்பு என்றால் எட்டாத இடம். இலங்கையின் உச்சியில், யாழ்ப்பாணக் குடாநாட்டில், மிளகாய்த்தூள் கொட்டியது போலச் சிவப்பு.

இருநூறு வருடத்துக்கு முன்பே வெள்ளைக்காரப் பாதிரிமார் கப்பலேறி வந்து பள்ளிக்கூடம் கட்டிய மண் அது. என் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் அங்கே இருக்கிறது. அந்தப் படத்தில் நாங்கள் இல்லை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து தொண்ணூறாம் ஆண்டு துரத்தப்பட்டு, பாதியாய்த் திரும்பி வந்திருக்கும் முஸ்லிம் சனமும் இல்லை. எல்லாரும் ஒரே சிவப்பு.

3

ஊரில் நான் உயர்தர வகுப்பின் முதல் பாடத்தைச் சுண்ணாம்புக் கல்லில் தொடங்குவேன். எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது. மழை பெய்தால் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய நல்ல தண்ணீராய் மிதந்து நிற்கும். அதைத்தான் நீர்வேலியில் வாழைக்கு இறைக்கிறார்கள், அதைத்தான் உடுவிலில் குடிக்கிறார்கள். ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் பக்கத்து வளவுக் கிணறு உவர்க்கும். பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும், ஏனென்றால் அவர்கள் வீடுகளில் அதற்காகச் சண்டை நடந்திருக்கும்.

வகுப்பில் முக்கால்வாசி சைவப் பிள்ளைகள். தோட்டக்காரக் குடும்பங்கள். காலைக் கூட்டத்தில் தேவாரமும் பாடப்படும், ஒரு செபமும் சொல்லப்படும். இரண்டுக்கும் எல்லாரும் கைகூப்பி நிற்பார்கள். ஒருவரும் ஒருவரையும் கணக்கெடுத்ததில்லை.

தம்பிராசா அண்ணை நீர்வேலியில் எங்கள் பக்கத்து வளவு. நாங்கள் நாட்டை விட்டபிறகு வீட்டுத் திறப்பு அவரிடம்தான். மாதத்தில் ஒருமுறை கதவு யன்னலைத் திறந்து காற்றுப்பட விடுவார். அவருக்குக் கும்பிடுவது மூச்சுவிடுவது போல. மாடு காணாமல் போனால் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார். மாடு வந்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். எந்தக் கோயில் வாசலைச் சைக்கிளில் கடந்தாலும் ஒரு கை ஹாண்டிலை விட்டு நெஞ்சுக்குப் போகும். என் அப்பாவின் செத்தவீட்டில் பாதிரியார் செபிக்கத் தொடங்கியதும் முதலில் கைகள் தலைக்கு மேலே போனது அவருக்குத்தான். கண்ணாலே தண்ணீர் ஓடியது. அவர் வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்று அந்தச் செத்தவீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிரியாரே சிரித்திருப்பார்.

இந்தச் சங்கதி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மார்க்குக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரிந்துகொள்ள மறுத்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

4

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பும் வருடத்துக்கு ஒரு சனத்தைத் தத்தெடுக்கும். ஆம், தத்தெடுத்தல் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சனத்தைப் பற்றிப் படிப்பார்கள், அவர்களுடைய உணவைச் சமைத்துப் பார்ப்பார்கள், அவர்களுக்காகச் செபிப்பார்கள். எட்டாம் வகுப்புக்கு இந்த வருடம் விழுந்தது யாழ்ப்பாணத்துச் சைவ விவசாயிகள். என் மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள்.

மார்க்குக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. தத்தெடுத்த இடத்திலேயே பிறந்த ஒருத்தி தன்னுடைய பள்ளிக்கூடத்தில் இருப்பது தேவ ஏற்பாடு என்றார். அங்கேயிருந்து ஒரு விவசாயியை வீடியோவில் பிள்ளைகளுடன் கதைக்கவைக்க முடியுமா என்று கேட்டார்.

முதலில் மறுத்தேன். பிறகு யோசித்தேன். சுவரில் இருக்கும் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தால் அந்த நிறம் தானாய்க் கழன்றுவிடும் என்று நம்பினேன். நல்ல ஆசிரியைக்கு வரக்கூடிய நம்பிக்கைதான் அது.

இங்கே முற்பகல், அங்கே விடிந்து கொஞ்ச நேரம். தம்பிராசா அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்கப்போகிறார்கள் என்று கல்யாண வீட்டுச் சேர்ட்டைப் போட்டு, திருநீறு அள்ளிப் பூசி, சந்தனப் பொட்டும் வைத்து நின்றார். தொலைபேசியைப் பிடித்தபடி தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். வாழையில் கதலி எது, இதரை எது, கப்பல் எது என்று குலையைத் தட்டித் தட்டிச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பாம்பு இருக்கிறதா என்று ஒரு பையன் கேட்டான். இருக்கு, ஆனால் அதுக்கும் தோட்டத்திலை வேலை இருக்கு என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அரை மணித்தியாலம் நான் இந்த நாட்டில் படிப்பித்த மிக நல்ல பாடம். அதை இன்றைக்கும் சொல்வேன்.

கதைக்கும்போது மனிசி பரமேஸ் அக்காவைப் பற்றியும் சொன்னார். முழங்காலில் ஒப்பரேசனுக்கு நாள் வைத்திருந்தார்கள். அக்கா பயந்துபோய் இரண்டுமுறை நாளைத் தள்ளிவிட்டா. இதைச் சொன்னபோது அவருடைய குரல் இறங்கியது. பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அந்த நேரம் பின்னால் நின்ற மார்க் முன்னுக்கு வந்து, நாங்கள் இவருக்காகச் செபிக்கலாமா என்று கேட்டார்.

அக்காவுக்காகத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுப்பது? "அண்ணை, பிள்ளையள் அக்காவுக்காகச் செபிக்கப் போகினம்" என்று சொன்னேன். அவர் தொலைபேசியை மிசின் கொட்டில் மதிலில் சாத்திவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு நின்றார்.

செபிக்க மார்க் எழுப்பியது என் மகளை. தமிழ்ப் பிள்ளை என்பதால் பொருத்தம் என்றார். அபி நன்றாக ஆங்கிலத்தில் செபிப்பாள், தண்ணீர் ஓடுவது போல வரும். ஆண்டவரே, இந்த மனிதருடைய கண்களைத் திறவும் என்று தொடங்கினாள். விக்கிரகங்களின் கட்டிலிருந்து இவரை விடுவியும் என்றாள். இவருடைய கிராமத்தின் மேலே இருக்கும் இருளின் அதிகாரத்தை முறியும் என்றாள். புத்தகத்தில் இருந்த அதே வரிகள். பாடமாக்கியிருந்தாள்.

திரையில் தம்பிராசா அண்ணை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். கண்ணாலே தண்ணீர் வழிந்து திருநீற்றைக் கரைத்தது. முழங்காலில் கத்தி வைக்கப்போகும் தன் மனிசியை நினைத்து அழுகிறார் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்தி. வாய் திறக்கவில்லை. செபத்தை இடையில் வெட்டக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு அப்படியே நின்றுவிட்டது.

ஆமென் என்றதும் அவரும் ஆமென் என்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

5

பதிவு செய்திருந்தார்கள். எங்களுடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் படம் பிடிப்பதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் முகத்தை மங்கலாக்க வேண்டும். சட்டம் அப்படி. அதைச் சரியாகச் செய்தார்கள். வீடியோவில் பிள்ளைகளின் முகமெல்லாம் மங்கல். அண்ணையின் முகம் மாத்திரம் திரை நிறையத் தெளிவாக. அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவப்பு நிறத்திடம் யார் சம்மதம் கேட்பார்கள்?

பள்ளிக்கூடத்தை நடத்தும் சபையின் இரவு விருந்தில் அதைப் போட்டார்கள். செல்வனும் நானும் மேசையில் இருந்தோம், தட்டில் கோழியும் உருளைக்கிழங்கும். அவர் கை தூக்கிய இடத்தில் பாட்டு ஏறியது. நீர்வேலியின் முதற்கனி என்று எழுத்து வந்தது, அங்கே வேதத்தில் சேர்ந்த முதல் ஆள் என்று அர்த்தம். சனம் எழும்பி நின்று கைதட்டியது. வாய்க்குள் இருந்த சோற்றை, இல்லை, உருளைக்கிழங்கை, கடதாசிக் கைதுடைப்பானில் துப்பினேன்.

பிறகு வகுப்பறைச் சுவரில் இருந்த அந்த உலகப்படத்தை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மார்க் என் மகளை அழைத்தார். அபி சிவப்பின் நடுவில் ஒரு பச்சைக் குண்டூசியைக் குத்தினாள். இடம் சரியாகத்தான் இருந்தது. நான்தான் அவளுக்கு நீர்வேலி எங்கே இருக்கிறதென்று காட்டிக்கொடுத்தவள்.

அந்த வீடியோ எப்படி ஊருக்குப் போனதென்று கேட்கவே தேவையில்லை. எங்கள் சனத்துக்கு யூரியூப்பில் கண்ணில் பட்டதை அனுப்பாமல் இருக்க முடியாது. இரண்டு வாரத்தில் நீர்வேலிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

6

குரல்செய்தியைக் கேட்ட அன்றே மார்க்கின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் யார் செபித்தாலும் கும்பிடுவார்கள், அதற்கு மதம் மாறுவது என்று அர்த்தமில்லை, அவர் மனிசிக்காக அழுதார், இதனால் அவருடைய கோயில் உரிமை போகிறது, வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். மார்க் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் மோசமான பகுதி. கண் கலங்கக் கேட்டார். பிறகு முன்னுக்குச் சாய்ந்து, மெல்லச் சொன்னார்.

"அவர் கையை உயர்த்தினார், ஜே. நாங்கள் உயர்த்தச் சொல்லவில்லை."

அதற்கு மேலே எதுவும் அவருக்குள் போகவில்லை. உள்ளுக்குள் என்ன நடந்ததென்று அந்த மனிதருக்கே தெரியாமல் இருக்கலாம் என்றார். அவருக்குத் தெரியாதாம், இவருக்குத் தெரியுமாம். நிர்வாகத்துடன் கதைத்துச் சொல்வதாக எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஒரு வாரத்தில் கதைத்த பலன் தெரிந்தது. வீடியோ அப்படியே இருந்தது. ஆனால் இப்போது அண்ணையின் முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. கீழே, பாதுகாப்பை முன்னிட்டு இந்தச் சகோதரரின் முகம் மறைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி. தன்னுடைய விசுவாசத்துக்காகக் கிராமத்தில் துன்பப்படும் இவரைச் செபத்தில் நினைவுகூருங்கள் என்று இன்னொரு வரி. நான் அழாக்குறையாகச் சொன்ன கோயில் விஷயத்தை எடுத்து மாலை கட்டி அவருடைய கழுத்திலேயே போட்டுவிட்டார்கள். நீர்வேலியில் பார்ப்பவர்களுக்கு இனி என்ன சந்தேகம்? ஒளிக்க ஒன்றும் இல்லாதவனின் முகத்தை ஏன் மறைக்கிறார்கள்?

அடுத்த பாடத்தில் எட்டாம் வகுப்புக்கு உள்ளதைச் சொன்னேன். அந்த மனிதர் ஏன் அழுதார், ஏன் கையெடுத்தார் என்று சொன்னேன். சுண்ணாம்புக் கல்லையும் நல்ல தண்ணீரையும் வரைந்து காட்டினேன். ஒரு தாய் முறையிட்டா. அடுத்த திங்கட்கிழமை என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு தேவைப்படுகிறதாம் எனக்கு.

செல்வன் கொஞ்சம் பொறுமையாய் இரு என்றார். பிள்ளையின் படிப்பு, வீட்டுக்கடன், எல்லாவற்றையும் சொன்னார். பிழையாகச் சொல்லவில்லை. அவரோடு கோபிக்கவும் எனக்குத் தெம்பிருக்கவில்லை.

ஊர்ப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பாதிப் பொய்க்காரி. கோயில் பரிபாலன சபைத் தலைவர் அண்ணையிடம் வந்து, சனத்துக்கு முன்னால் அம்மன் சந்நிதியில் நின்று பிழை என்று சொல்லிப் பிராயச்சித்தம் செய்தால் உபயத்தைத் திருப்பித் தரலாம் என்றாராம். அந்தத் தலைவரின் பேத்தி வேதப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், நல்ல இங்கிலீசு வரும் என்று அவர்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அண்ணையின் அஞ்சாம் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருக்கும் தன் மருமகனை அவர் நெடுநாளாய் முன்தள்ளிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். நானே அவருக்குத் தொலைபேசி எடுத்து விளக்கினேன். "நீர் வேதக்காரி, நீர் உப்பிடித்தானே சொல்லுவீர்" என்று வைத்துவிட்டார். இங்கே ஒருவருக்கு அண்ணையின் ஆத்துமா வேண்டும், அங்கே ஒருவருக்கு அவருடைய திருவிழா வேண்டும். மனிதர் ஒருவருக்கும் வேண்டாம்.

7

பிள்ளைகள் விலகிப் போவதைப் பற்றி இங்கே வந்தவர்கள் எல்லாரும் புலம்புவார்கள். கோயிலுக்கு வருகிறார்கள் இல்லை, குடிக்கிறார்கள், இரவில் வீடு தங்குகிறார்கள் இல்லை. என்னுடைய பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்னால் வெளிக்கிட்டு நிற்பாள். விலகிப் போவது என்றால் கோயிலுக்குள்ளேயே விலகிப் போகலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

அபி தான் ஒரு மனிதரை மீட்டதாகத்தான் நம்பினாள். நான் எவ்வளவு சொல்லியும், "அம்மா, ஹீ வோஸ் கிறையிங்" என்பாள். நான் பயப்படுகிறேனாம். ஊரில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்க்கிறேனாம். பதினான்கு வயது. என்னுடைய வயிற்றில் பிறந்தவள் என்னுடைய ஊரைச் சிவப்பாய்ப் பார்க்கிறாள். அவளைப் பார்க்கவே எனக்குச் சில நாட்கள் வெறுப்பாக இருந்தது. தாய் இப்படி எழுதலாமா என்று கேட்காதீர்கள். இருந்தது.

ஒரு சனிக்கிழமை அண்ணையை அழைத்து, செபத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதை முழுவதும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். அவருக்கு அது தெரியவேண்டும். அபியைப் பக்கத்தில் இருத்தினேன். அவள் தமிழ் கதைக்கத் திணறுவாள், கேட்டால் விளங்கும்.

சொன்னேன். கண் திறக்கவேண்டும், விக்கிரகம், இருள், எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். தமிழில் அது இன்னும் அசிங்கமாக இருந்தது. மறுமுனையில் மிசின் மாத்திரம் இறைத்துக்கொண்டிருந்தது. மூதாதையரை இழுத்துத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

"அப்ப பரமேஸின்ரை முழங்காலுக்கு ஒருத்தரும் கேக்கேல்லையோ?" என்றார்.

நான் அபியைப் பார்த்தேன்.

"இல்லைப் பிள்ளை, நான் அவளிட்டைச் சொல்லிப்போட்டன். ஒரு வகுப்புப் பிள்ளையள் உனக்காகச் செபிச்சவை, நீ பயப்பிடாதை எண்டு. அந்தத் துணிவிலைதான் அவள் ஒப்பரேசனுக்குப் படுத்தவள்."

அபி எழும்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பிராயச்சித்தத்தைப் பற்றிக் கேட்டேன். செய்யப்போவதில்லை என்றார். "பிழை செய்தால்தானே பிராயச்சித்தம். கும்பிட்டதுக்கு ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது?"

8

அஞ்சாம் திருவிழா தலைவரின் மருமகனின் உபயமாக நடந்தது. வாசலில் கட்டுவதற்கு இரண்டு வாழைக்குலை வழமைபோலத் தம்பிராசா அண்ணையின் தோட்டத்திலிருந்து போனது. அவரை வேண்டாம் என்றவர்கள் குலையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து விலகிவிட்டேன். வருடக் கடைசியில் அபியும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், அதை அவளே கேட்டாள். வீடியோ இன்னும் இருக்கிறது. யூரியூப்புக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். முறைப்பாடு கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது. அந்த உலகப்படமும் வகுப்பறையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், அந்தப் பச்சைக் குண்டூசியோடு. கொஞ்சநாள் எனக்குச் செபிக்க வாய் வரவில்லை. என்னுடைய ஆண்டவரையே இவர்கள் கைபட்டு அழுக்காக்கிவிட்டது போல இருந்தது.

அந்தத் திருவிழா நாளில்தான், இங்கே மதியம் திரும்பிய நேரம், அபி என் தொலைபேசியைக் கேட்டு வாங்கினாள். ஊரில் காலைப் பூசை நடக்கும் நேரம். அண்ணை கோயிலில் இல்லை. தோட்டத்தில் மண்வெட்டியோடு வாய்க்காலை மறித்துத் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். தொலைபேசியை மதிலில் சாத்திவைத்தார். தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. நான் கதவடியில் நின்றேன்.

அபி, அக்காவின் முழங்கால் எப்படி என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். தடி பிடிச்சு நடக்கிறா, இரவிலை நோகுது எண்டு சொல்லுறா என்றார். தான் இப்போது அதற்காகச் செபிக்கலாமா என்று கேட்டாள். அவர் மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"கேள் பிள்ளை. தமிழிலை கேள். எனக்கும் விளங்கோணும்."

ஆங்கிலத்தில் தண்ணீராய் ஓடுகிற பிள்ளைக்குத் தமிழில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கியது. ஆண்டவரே என்றாள். பரமேஸ் அக்கா என்றாள், தனக்கு மாமி முறை என்பது தெரியாமல். முழங்கால் நோ மாறவேணும் என்றாள். இரவு நித்திரை வரவேணும் என்றாள். பிறகு சொல் தீர்ந்துபோய் அழுதுகொண்டு நின்றாள்.

அந்த நேரம் முழுவதும் தம்பிராசா அண்ணையின் கைகள் மண்வெட்டிப் பிடியிலேயே இருந்தன. கண்ணையும் மூடவில்லை. ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார்.

அபி தலையாட்டினாள்.

"இதை ஒருத்தரும் படம் பிடிக்கேல்லைத்தானே?"

இல்லை என்றாள். அவர் திரைக்குக் கிட்ட வந்து, அவளுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். என்னைக் கண்டார். அதற்குப் பிறகுதான் மண்வெட்டியை வரம்பில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கைகளைத் தூக்கினார்.